அம்மாவின் முழங்காலும் ஒரு நாள் பாஸும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் என் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகள் மாறிவிடும். மற்ற மாதங்களில் பாட்டு கேட்பவர்கள் ஜூனிலும் டிசம்பரிலும் வழி கேட்பார்கள். “ஜப்பான் போறோம், எந்த பாஸ் எடுக்கலாம்?” “ஊர்லேர்ந்து சித்தப்பா குடும்பம் வராங்க, டூரிஸ்ட் பாஸ் வாங்கிக் கொடுத்துடலாமா?” “லண்டன்ல அக்கா வீட்ல தங்குறோம், தினமும் ரயிலுக்கு எவ்வளவு ஆகும்?” விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது, தங்கும் இடம் முடிவாகிவிட்டது, பெட்டியில் ரசப்பொடிகூட வைத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது இந்த ஒரு கேள்விதான்.

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: “உங்க கூட்டத்துல ரொம்ப மெதுவா நடக்குறவங்க யாரு?”

பலருக்குச் சிரிப்பு வரும். பாஸுக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒரு நாள் பாஸ் என்பது பஃபே சாப்பாடு மாதிரி. காசு முன்கூட்டியே போய்விடுகிறது. பிறகு தட்டை நிரப்பினால்தான் லாபம். பசி எவ்வளவு என்று பார்க்காமல் பஃபேக்குள் நுழைபவர், கொடுத்த காசுக்காகச் சாப்பிட ஆரம்பிப்பார். பயணத்திலும் அதே கதைதான். “பாஸ் இருக்கே, இன்னும் ஒரு இடம் பாத்துடலாம்” என்ற வார்த்தையைக் குடும்பப் பயணங்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அதைச் சொல்பவர் பெரும்பாலும் முன்னால் நடப்பவர். பின்னால், கைப்பையைத் தோளில் மாற்றி மாட்டிக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லாமல் வருபவர் நம் அம்மாவாகவோ மாமியாராகவோ இருப்பார்.

அதனால் பாஸ் கணக்கைக் கால்களிலிருந்து தொடங்குவது நல்லது.

நம் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம்

வெளிநாடு போகுமுன் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர்கள் வருகிறார்கள். நம் ஊர் டூரிஸ்ட் பாஸ் ஒரு நாளுக்கு 17 வெள்ளி, இரண்டு நாளுக்கு 24, மூன்று நாளுக்கு 29. வழக்கமான பேருந்து, எம்ஆர்டி, எல்ஆர்டி எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கேட்கவே தாராளமாக இருக்கிறது.

இப்போது அவர்களுடைய ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள். ஈசூனில் உள்ள உங்கள் வீட்டில் தங்குகிறார்கள். காலையில் எம்ஆர்டி எடுத்து லிட்டில் இந்தியா. கோயில், தேக்காவில் பசியாறல், கொஞ்சம் கடைத்தெரு. பிறகு டௌன்டவுன் பாதையில் நேராக பேஃபிரண்ட். கரையோரப் பூந்தோட்டங்கள், மரினா பே, இரவு விளக்குகள். அங்கிருந்து ஈசூனுக்குத் திரும்பல். மொத்தம் மூன்றே பயணங்கள். சாதாரண அட்டையில் தட்டிப் போனால் ஒருவருக்குச் சுமார் 6 வெள்ளி.

நம் ஊரில் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம். பெரியவர்களுக்கான அட்டைக் கட்டணம் எவ்வளவு நீளமான பயணத்துக்கும் 3 வெள்ளியைத் தாண்டுவதில்லை. பேருந்திலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பேருந்துக்கும் மாறினாலும், 2 மணி நேரத்துக்குள் ஐந்து மாற்றங்கள் வரை ஒரே பயணமாகவே கணக்காகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிட அவகாசம். எனவே 17 வெள்ளியை எட்ட ஒருவர் ஒரே நாளில் எட்டு, ஒன்பது தனித்தனிப் பயணங்கள் செய்ய வேண்டும். சித்தியும் சித்தப்பாவும் செய்ய மாட்டார்கள். செய்ய வைக்கவும் கூடாது.

அவர்களுக்கு ஆளுக்கொரு பணம் நிரப்பும் அட்டை வாங்கிக் கொடுப்பதே போதும். அட்டைக்கும் ஒரு விலை உண்டுதான். ஆனால் அதை அடுத்த முறை வரும் விருந்தினருக்கும் கொடுக்கலாம். தமிழ்நாட்டு வங்கி அட்டையையே தட்டிப் போகலாமே என்று சிலர் நினைப்பார்கள். போகலாம். வெளிநாட்டு வங்கி அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் நிர்வாகக் கட்டணம் உண்டு, நாணய மாற்றுக்கு அவர்கள் வங்கி தனியாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பாஸ் யாருக்கு லாபம்? மூன்று நாள் பாஸ் வாங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்பி, சாங்கி ஒரு முனை, ஜூரோங் மறுமுனை என்று சுற்றும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கும்கூட, செந்தோசா எக்ஸ்பிரஸ் அதில் அடங்காது என்று சொல்லி வையுங்கள்.

இந்தச் சின்னக் கணக்கில் எல்லா ஊருக்கும் பொருந்தும் சூத்திரம் இருக்கிறது. பாஸின் விலையை, அந்த ஊரில் சராசரியாக ஒரு பயணத்துக்கு ஆகும் கட்டணத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற எண்தான் நீங்கள் அன்று ஏற வேண்டிய தடவைகள். அத்தனை தடவை ஏறுவதாக உங்கள் நாள் ஏற்கெனவே இருந்தால் வாங்குங்கள். அந்த எண்ணை எட்டுவதற்காக நாளை நீட்ட வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கியோத்தோ: ஐந்து தடவை ஏறினால் 80 யென்

சென்ற நவம்பரில் நாங்கள் நால்வர் ஜப்பான் போனோம். நான், கணவர், ஏழு வயது மகள், அறுபத்தேழு வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார், படியைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார். கோயில் நகரமான கியோத்தோவில் படிகளைத் தவிர்ப்பது எளிதல்ல.

கியோத்தோவில் சுற்றுப்பயணிகள் அதிகம் வாங்குவது சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்த ஒரு நாள் பாஸ். பெரியவர்களுக்கு 1,100 யென், பிள்ளைகளுக்கு 550. நகருக்குள் பேருந்துக் கட்டணம் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே மாதிரி: பெரியவர்களுக்கு 230 யென், பிள்ளைகளுக்கு 120. வகுத்துப் பார்த்தால் ஐந்து தடவை ஏறினால்தான் பாஸ் காசு திரும்பும்.

முதல் நாள் எங்கள் திட்டம் ஃபுஷிமி இனாரி. ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் மலைமேல் வரிசையாக ஏறிப்போகும் கோயில். கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து ஜேஆர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், சுமார் 150 யென். ஐந்து நிமிடப் பயணம். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அந்த 1,100 யென் பாஸ் ஜேஆர் ரயிலில் செல்லாது. நகரச் சுரங்க ரயிலும் குறிப்பிட்ட பேருந்துகளும் மட்டுமே அதில் அடக்கம். மூங்கில் காட்டுக்குப் பெயர்பெற்ற அராஷியாமாவும் அப்படித்தான். விரைவாகப் போகிற வழி ஜேஆர். பாஸைக் காட்டிப் போக வேண்டுமென்றால் பேருந்தில் நீண்ட நேரம் போக வேண்டும்.

எங்கள் முதல் நாள் கணக்கு இது. காலையில் ஜேஆரில் போகவர 300 யென். மதியம் விடுதியில் ஓய்வு. மாலையில் கியோன் பகுதிக்குப் பேருந்தில் போகவர 460. ஆளுக்கு 760 யென். பாஸ் வாங்கியிருந்தால் 1,100, அதோடு ஜேஆருக்குத் தனியாக 300, ஆக 1,400. மகளின் பாஸையும் சேர்த்தால் நால்வருக்கும் 2,200 யென்னுக்கு மேல் வித்தியாசம். நம் காசில் ஏறக்குறைய 20 வெள்ளி. அன்று நாங்கள் அட்டையில் தட்டியே போனோம்.

எல்லாருக்கும் ஒரே பாஸ் ஏன்?

இரண்டாம் நாள்தான் சிக்கல். என் கணவர் மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தார். தங்கக் கோயில், வெள்ளிக் கோயில், மலைச்சரிவில் நிற்கும் கியோமிஸு கோயில். (முதல் இரண்டின் ஜப்பானியப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கின்காகுஜி’ என்றுதான் வரும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதனால் ஏற்பட்ட குழப்பம் தனிக்கதை.)

முதல்நாள் இரவு விடுதியில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டேன்: “நாளைக்கு எத்தனை இடம் பாக்கலாம்மா?”

“ஒரு கோயில் போதும்டி. அந்தத் தங்கக் கோயில மட்டும் பாத்துடறேன். மிச்சத்த மாப்பிள்ளை போட்டோ எடுத்துட்டு வரட்டும்.”

“அத்தை, பாஸ் எடுத்துட்டா எத்தனை இடம் வேணும்னாலும் போலாம். காசு கூட ஆகாது,” என்றார் கணவர்.

“காசு ஆகாது மாப்பிள்ளை. முட்டிக்கு ஆகுமே.”

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ஒரு பக்கம் கணவரும் மகளும். மறுபக்கம் அம்மாவும் நானும்.

காலையில் நால்வரும் ஒன்றாகக் கிளம்பினோம். கியோத்தோ நிலையத்திலிருந்து தங்கக் கோயிலுக்கு நேரடிப் பேருந்து உண்டு. ஆனால் இலையுதிர்காலத்தில் அதில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. அதனால் சுரங்க ரயிலில் கித்தாவோஜிவரை போய், அங்கிருந்து பேருந்து பிடித்தோம். ரயிலுக்கு 260, பேருந்துக்கு 230. நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது, பேருந்தில் இருக்கும் நேரமும் குறைவு. அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைத்தது.

தங்கக் கோயிலைப் பார்த்துவிட்டு இரண்டாகப் பிரிந்தோம். கணவரும் மகளும் பேருந்தில் வெள்ளிக் கோயில், அங்கிருந்து கியோமிஸு, அங்கிருந்து விடுதி. அவர்களுக்கு ஒரு ரயிலும் நான்கு பேருந்தும். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் கணவருக்கு 1,180 யென், மகளுக்கு 610. பாஸில் 1,100, 550. இருவருக்கும் சேர்த்து மிச்சம் 140 யென்.

அம்மாவும் நானும் கித்தாவோஜிக்கே திரும்பினோம். அங்கிருந்து காமோ ஆறு சில நிமிட நடை. கரையோரம் சமதளம், உட்கார இடம், மரங்கள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்நீட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா காலத்துத் தோட்ட வாழ்க்கை, தன் பள்ளித் தோழிகள், நான் அதுவரை கேட்டிராத ஒரு கல்யாணச் சண்டை எல்லாம் அந்தக் கரையில்தான் வெளியே வந்தன. பிறகு ரயிலில் விடுதி. எங்களுக்கு ஆன செலவு ஆளுக்கு 980 யென். பாஸ் வாங்கியிருந்தால் 1,100. இருவருக்கும் மிச்சம் 240 யென்.

நால்வருக்கும் மொத்தம் 380 யென் மிச்சம். ஒரு பச்சைத் தேயிலை ஐஸ்கிரீம் வாங்கலாம். பெரிய பணம் இல்லை. ஆனால் நால்வருக்கும் பாஸ் வாங்கியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையில் பாஸ் இருக்கும்போது ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது வீண்செலவு மாதிரித் தோன்றும்.

குடும்பமாகப் போகும்போது எல்லாருக்கும் ஒரே பாஸ் வாங்குவது நம் பழக்கம். கவுன்டரில் “ஃபோர்” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நால்வரின் நாளும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஓடுகிறவர்களுக்கு ஒரு பாஸ், நிதானமாகப் போகிறவர்களுக்குத் தட்டிப் போகும் அட்டை என்று பிரித்துக்கொண்டால் காசும் மிச்சம், முகச்சுளிப்பும் இல்லை. கூடவே ஒன்று: ஜப்பானில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அதைவிடச் சின்னக் குழந்தைகள் பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை இலவசம். கைக்குழந்தைக்கும் சேர்த்துப் பாஸ் வாங்க வேண்டாம்.

டாக்சியையும் கணக்கில் சேருங்கள். நாங்கள் நால்வர் ஒருமுறை பேருந்தில் ஏறினால் 810 யென். கியோத்தோவில் டாக்சிக் கட்டணம் சுமார் 500 யென்னில் தொடங்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் என்றால் பேருந்தைவிடச் சில நூறு யென்தான் கூடும். மாலையில் கால் வலிக்கும் நேரத்தில் அந்தச் சில நூறு யென் நல்ல செலவு. “பாஸ் இருக்கும்போது எதுக்கு டாக்சி?” என்ற வாக்குவாதம் எழாமல் இருப்பதே ஒரு லாபம்.

‘ஒரு நாள்’ என்றால் எது?

பாஸில் எழுதியிருக்கும் ‘நாள்’ என்ற சொல்லுக்கு ஊருக்கொரு பொருள். சிங்கப்பூர் பாஸில் அன்றைய சேவை முடிந்ததும் நாள் முடிந்தது. கியோத்தோ பாஸும் பயன்படுத்தும் அந்த ஒரு தேதிக்குத்தான். மாலை நான்கு மணிக்கு விமானம் இறங்கி அன்றே முதல் நாள் பாஸைத் தொடங்குவது, அரைப் படத்துக்கு முழு டிக்கெட் எடுப்பது போல.

தோக்கியோவில் சுற்றுப்பயணிகளுக்கான சுரங்க ரயில் பாஸ் வேறு ரகம். அது 24, 48, 72 என்று மணிக்கணக்கில் ஓடும். முதல் நுழைவாயிலில் போட்ட நொடியிலிருந்து கடிகாரம் தொடங்கும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் திங்கள் மதியம் மூன்று மணிவரை செல்லும். ஒரு மாலை, ஒரு காலை, இரண்டும் கிடைக்கும். மதியத்துக்கு மேல் விடுதிக்குத் திரும்பிவிடும் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருத்தம்.

இந்தப் பாஸ் பல ஆண்டுகள் 800, 1,200, 1,500 யென் என்ற விலையில் இருந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 180 யென் என்ற ஊரில் அது நல்ல பேரம். நீங்கள் போகும் நாளின் விலையைப் பார்த்து அதே வகுத்தல் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இங்கும் எல்லைக்கோடு முக்கியம். தோக்கியோ மெட்ரோவின் 9 பாதைகளும் தோயேயின் 4 பாதைகளும்தான் அதில் அடக்கம். நகரைச் சுற்றி வட்டமடிக்கும் யாமனோத்தே பாதை ஜேஆருடையது. 30 நிலையங்கள் கொண்ட அந்தப் பாதையில் பாஸ் செல்லாது. விமான நிலைய ரயில்களுக்கும் செல்லாது. சில சுரங்க ரயில்கள் எல்லை தாண்டித் தனியார் பாதைகளிலும் தொடர்ந்து ஓடும். இருக்கையைவிட்டு எழாமலேயே பாஸின் எல்லையைக் கடந்துவிடுவோம். இறங்கும் இடத்தில் மிச்சக் கட்டணம் கட்ட வேண்டும்.

எனவே தோக்கியோவில் பாஸைத் தீர்மானிப்பது விடுதிதான். உங்கள் விடுதி வாசலில் இருப்பது சுரங்க ரயில் நிலையமா, ஜேஆர் மட்டும் நிற்கும் நிலையமா? உகுயிசுதானி, நிப்போரி போன்ற இடங்களில் விடுதி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள், அந்த நிலையங்களில் சுரங்க ரயில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தினமும் காலையும் இரவும் ஜேஆருக்குத் தனிக் காசு கொடுத்தால் சுரங்க ரயில் பாஸின் லாபம் கரைந்துவிடும்.

அக்கா சொன்ன யோசனைக்கும் காலாவதித் தேதி உண்டு

“நாங்க போனப்போ ஜேஆர் பாஸ்தான் எடுத்தோம். நீயும் அதையே எடு.” இந்த யோசனை இன்னும் நம் குடும்பங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் போனபோது அது உண்மை.

ஜப்பான் முழுதும் செல்லும் அந்த ஏழு நாள் பாஸ் 2023 செப்டம்பர்வரை 29,650 யென். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குப் புல்லட் ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000. போகவர 28,000. அதோடு விமான நிலைய ரயிலையும் சேர்த்தால் பாஸ் காசு வந்துவிடும். 2023 அக்டோபரில் அதே பாஸ் 50,000 யென் ஆனது. தோக்கியோ, கியோத்தோ என்று இரண்டே ஊர் பார்க்கும் குடும்பத்துக்கு இப்போது ஆளுக்கு ஏறக்குறைய 20,000 யென் நட்டம். ஹிரோஷிமா, ஃபுகுவோக்கா என்று நெடுந்தூரம் போகிறவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கியோத்தோவிலும் இதே கதை. அங்கே ஒரு காலத்தில் பேருந்துக்கு மட்டும் 500 யென்னில் ஒரு நாள் பாஸ் இருந்தது. 2018ல் 600, 2021ல் 700 என்று ஏறியது. 2023 செப்டம்பரோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். காரணம் யோசிக்க வைக்கும். மலிவான பாஸோடு சுற்றுப்பயணிகள் எல்லாரும் பேருந்திலேயே ஏறியதால், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும் உள்ளூர் முதியவர்களுக்கு ஏற இடமில்லாமல் போயிற்று. பயணிகளைச் சுரங்க ரயிலின் பக்கம் திருப்பத்தான் இப்போதிருக்கும் கூட்டுப் பாஸை முன்னிறுத்துகிறார்கள்.

அதை அறிந்த பிறகு கியோத்தோ பேருந்தில் நான் பெட்டியோடு ஏறவில்லை. நம் ஊரில் பேருந்து 65லோ 147லோ வழியை அடைத்துப் பெட்டிகளோடு நிற்பவர்களைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? அங்கே நாம்தான் அவர்கள்.

லண்டன்: பாஸே வாங்க வேண்டாம்

சில ஊர்கள் இந்தக் கணக்கை நம் தலையிலிருந்து இறக்கிவிட்டன. லண்டன் அவற்றில் முதன்மையானது. நம்மில் பலருக்கு ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் உறவினர்கள் இருப்பதால் அங்கே போகிறவர்கள் அதிகம்.

அங்கே வங்கி அட்டையைத் தட்டிக்கொண்டே போகலாம். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகையை எட்டியதும் அதற்குமேல் பிடிக்க மாட்டார்கள். 2025ல் மத்திய லண்டனான 1, 2 வட்டாரங்களுக்கு அந்த உச்சவரம்பு 8.90 பவுண்ட். 1 முதல் 4 வரை, அதாவது வெம்பிளி உறவினர் வீட்டிலிருந்து நகருக்குள் போய்வர, 12.80 பவுண்ட். குறைவாகச் சுற்றினால் குறைவாகவே பிடிப்பார்கள். அதிகமாகச் சுற்றினால் உச்சவரம்போடு நிற்கும். பஃபேயா தனித்தனிச் சாப்பாடா என்பதைச் சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களே கணக்கிட்டு, எது மலிவோ அதை எழுதிக்கொள்வது போல. அங்கே ஒரு ‘நாள்’ அதிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29க்கு முடிகிறது. நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பினாலும் அதே நாள்தான்.

பேருந்து மட்டும் போதும் என்றால் இன்னும் மலிவு. ஒருமுறை ஏற 1.75 பவுண்ட், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே காசு. மூன்று முறை கொடுத்தாலே நாளின் உச்சவரம்பான 5.25 வந்துவிடும். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பேருந்து இலவசம். சுரங்க ரயிலிலும் பெரியவர் ஒருவருடன் நான்கு பிள்ளைகள் வரை இலவசமாகப் போகலாம்.

இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம். அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே அட்டையைத் தட்ட முடியாது. அடுத்தது, காலையில் கைப்பேசியைத் தட்டியவர் இரவுவரை கைப்பேசியையே தட்ட வேண்டும். அதே வங்கி அட்டைதானே கைப்பேசிக்குள் இருக்கிறது என்று மாற்றி மாற்றித் தட்டினால், அவர்கள் கணக்கில் அது இரண்டு ஆள். இரண்டுமே உச்சவரம்பை எட்டாமல் போய்விடும்.

வெளிநாட்டு வங்கி அட்டை இல்லாத பெற்றோருக்கு ஆய்ஸ்டர் அட்டை வாங்கிக்கொடுங்கள். அதிலும் இதே உச்சவரம்பு உண்டு.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

இனி எந்த ஊருக்குப் போனாலும், கவுன்டரில் நிற்குமுன் இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

1. நாளை எத்தனை தடவை ஏறி இறங்கப்போகிறோம்? ஆசைப்படும் எண்ணிக்கை வேண்டாம். மெதுவாக நடப்பவரோடு நடக்கக்கூடிய எண்ணிக்கையை எழுதுங்கள்.

2. பாஸ் விலையை ஒரு பயணக் கட்டணத்தால் வகுத்தால் என்ன வருகிறது? முதல் கேள்வியின் விடை இதைவிடச் சிறியது என்றால் வாங்க வேண்டாம்.

3. நாம் போகும் இடங்களுக்கு ஓடும் ரயிலும் பேருந்தும் யாருடையவை? அவை எல்லாமே பாஸில் அடக்கமா? விமான நிலைய ரயிலை மட்டும் தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளியில்தான் இருக்கும்.

4. ‘நாள்’ என்பது தேதியா, 24 மணி நேரமா? உச்சவரம்பு உள்ள ஊரா?

5. எல்லாருக்கும் வேண்டுமா? பிள்ளைகளுக்கு இலவசமா, பாதியா? யாராவது நாளை விடுதியிலேயே இருக்க விரும்புகிறார்களா?

விலைகளை மட்டும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நான் இங்கே எழுதிய எண்களும் ஒருநாள் பழசாகும். கேள்விகள் பழசாகாது.

ஐந்தாவது கேள்வியைக் கேட்பதில் மட்டும் ஒரு சிரமம் உண்டு. நம் அம்மாக்களும் மாமியார்களும் “எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க எங்க போறீங்களோ அங்க வரேன்” என்றுதான் முதலில் சொல்வார்கள். பிள்ளைகள் செலவு செய்து அழைத்து வந்திருக்கிறார்களே என்ற எண்ணம். அந்த முதல் பதிலை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்விடாதீர்கள். காலைப் பிடித்துவிட்டபடியோ தேநீர் கொடுத்தபடியோ இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது பதிலில்தான் நாளைய கணக்கு இருக்கும்.